சேவல் கூவினால் யார் குற்றம்?



தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு விடியற்காலை என்றாலே சில ஓசைகள் நினைவுக்கு வரும். பெரட்டுக்கு அழைக்கும் மணி, குழாயடியில் வரிசையாக வைக்கும் வாளிகளின் சத்தம், இவற்றுக்கெல்லாம் முன்பாக லயத்துக்குப் பின்னாலிருந்து எழும் சேவலின் கூவல். அந்தச் சேவலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். கோழி வளர்ப்பது எப்படி என்பது நம் பேச்சன்று. ஒரு வீட்டுச் சேவல் கூவி அடுத்த வீட்டாரின் தூக்கம் கெட்டால் நியாயம் யார் பக்கம் என்ற கேள்வியே நம் பேச்சு. இக்கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

சேவலின் பூர்வீகத்தை முதலில் பார்ப்போம். அது நம் பகுதியைச் சேர்ந்த பறவை. நம் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் திரிகின்ற 'ஆயாம் ஹூத்தான்' என்னும் செங்காட்டுக் கோழியின் இனத்திலிருந்துதான் உலகத்து வீட்டுக் கோழிகளெல்லாம் தோன்றின. தாய்லாந்தின் நடுப்பகுதியில் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகளே வீட்டுக் கோழிக்கு உறுதியான மிகப் பழைய சான்று என்று 2022ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவை கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட காலத்தவை. மனிதன் நெல்லும் தினையும் விளைவிக்கத் தொடங்கியபோது, சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழி அவன் வாசலுக்கு வந்தது என்பது அவர்கள் கருத்து. அதாவது, பாடுபட்டுப் பயிரிட்டவன் வீட்டுக்குத்தான் அது முதலில் வந்து சேர்ந்தது.

அது ஏன் விடியுமுன் கூவுகிறது? வெளிச்சத்தைக் கண்டு கூவுகிறது என்றே பலரும் எண்ணி வந்தனர். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் சேவல்களை மங்கிய வெளிச்சம் மாறாத அறையில் வைத்துப் பார்த்தார்கள். விடியலே தெரியாத அந்த அறையிலும் அவை ஏறக்குறைய நாளுக்கொரு முறை, விடியும் வேளையை ஒட்டியே கூவின. சேவலின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பது இதனால் தெரிந்தது. ஒரே கூட்டத்தில் பல சேவல்கள் இருந்தால், எல்லாவற்றுக்கும் மேலான நிலையிலுள்ள சேவல் முதலில் கூவ, மற்றவை அதன் பின்னே வரிசையாகக் கூவுகின்றன என்று 2015இல் கண்டனர். தலைவர் பேசி முடித்த பிறகே மற்றவர் வாய் திறக்கும் கூட்டம்போல இது நடக்கிறது! அருகிலிருந்து கேட்டால் அந்தக் கூவல் 100 டெசிபலைத் தாண்டும். ஆகவே, தூக்கம் கெடுகிறது என்று சொல்பவர் பொய் சொல்வதாக நாம் எண்ண வேண்டியதில்லை.

இனி வழக்கின் வரலாற்றுக்கு வருவோம். இத்தாலியின் தென்பகுதியில் கிரேக்கர்கள் குடியேறி அமைத்த சைபாரிஸ் என்ற நகரம் இருந்தது. செல்வச் செழிப்புக்கும் சுகவாழ்வுக்கும் பெயர்போன அந்நகரம் கி.மு. 510இல் பகைவரால் அழிக்கப்பட்டது. அங்கே இரைச்சல் எழுப்பும் கொல்லர், தச்சர் முதலியோர் நகருக்குள் தொழில் செய்யக் கூடாதென்றும், சேவல் வளர்க்கவும் அனுமதியில்லை என்றும் விதி இருந்ததாக, பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய அதீனேயஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார். சேவலுக்கு எதிரான ஊர்ச் சட்டங்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய செய்திகளுள் இது ஒன்று. சேவல் அங்கே யாரோடு சேர்த்துத் தள்ளி வைக்கப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். சுத்தியல் பிடித்தவனும் உளி பிடித்தவனும் எங்கே அனுப்பப்பட்டார்களோ, அங்கேதான் சேவலும் அனுப்பப்பட்டது. நேரங்கழித்து எழுவோருக்காக எழுதப்பட்ட சட்டம் அது.

அதே வழக்கு நம் காலத்தில் பிரான்சு நாட்டில் மீண்டும் எழுந்தது. அந்நாட்டின் மேற்குக் கடலோரத்திலுள்ள ஒலெரோன் தீவில் ஒரு பெண்மணி மோரிஸ் என்ற சேவலை வளர்த்து வந்தார். பக்கத்தில் விடுமுறைக்கு வந்து தங்குவதற்கென்று வீடு வாங்கியிருந்த வயதான தம்பதியர், அதன் கூவல் தங்கள் அமைதியைக் குலைப்பதாக வழக்குத் தொடுத்தனர். சேவலுக்கு ஆதரவாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ரோஷ்ஃபோர் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொல்லை மெய்ப்பிக்கப்படவில்லை, மோரிஸ் கூவலாம், வழக்காடிய தம்பதியர் அப்பெண்மணிக்கு 1,000 யூரோ இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. வழக்கில் வென்ற மோரிஸ் மறு ஆண்டே நோயால் இறந்துபோனது.

வழக்கு அத்தோடு முடியவில்லை. நகரத்தார் நாட்டுப்புறத்தில் வீடு வாங்குவதும், வந்த பின் மாட்டுக் கழுத்துமணி, கோவில் மணி, சாண நாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் புகார் எழுதுவதும் அங்கே பெருகியிருந்தன. ஆகவே 2021 ஜனவரி 29ஆம் நாள் பிரான்சு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாட்டுப்புறத்துக்கே உரிய ஓசைகளும் மணங்களும் நாட்டின் பொதுச் சொத்தில் ஒரு பகுதி என்று அச்சட்டம் கூறியது. 2024 ஏப்ரலில் வந்த மற்றொரு சட்டம் இன்னும் தெளிவாகப் பேசிற்று. புகார் செய்பவர் குடிவருமுன்பே அங்கே நடந்துவந்த வேலை, விதிகளுக்குட்பட்டு, முன்போலவே நடக்குமாயின், அதனால் வரும் தொல்லைக்காகப் பொதுவாக இழப்பீடு கேட்க முடியாது. முன்பிருந்தவர் உரிமையை வந்தவர் மதிக்க வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

ஆனால் வழக்குமன்றத்துக்குக்கூடப் போகாமல் கோபத்தில் கைவைத்தவர்களும் உண்டு. 2020 மே மாதத்தில் அதே பிரான்சின் அர்தேஷ் பகுதியில், மார்செல் என்ற சேவலை அண்டை வீட்டுக்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அவ்வாண்டு டிசம்பரில் அவருக்கு ஒத்திவைக்கப்பட்ட ஐந்து மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒரு கூவலில் தொடங்கியது குற்றவாளிக் கூண்டில் முடிந்தது.

நமக்கு மிக அருகிலும் இப்படி ஒன்று நடந்தது. சிங்கப்பூரின் சின் மிங் அவென்யூ அடுக்குமாடி வீடுகளைச் சுற்றித் தாமாகத் திரிந்த கோழிகளைப் பற்றி 2016ஆம் ஆண்டில் 20 பேர் புகார் செய்தனர். பெரும்பாலும் சத்தத்தைப் பற்றிய புகார்கள். அப்போதிருந்த வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் 24 கோழிகளைப் பிடித்து அழித்துவிட்டதாக 2017 தொடக்கத்தில் செய்தி வந்தது. உடனே அவ்வட்டாரத்தாரிடமிருந்தே எதிர்ப்பும் எழுந்தது. கம்பத்து வாழ்க்கையின் கடைசி ஓசையையும் இழந்துவிட்டோமே என்று வருந்தினார்கள். சத்தம் மட்டும் காரணமன்று, பறவைக் காய்ச்சல் பரவும் ஆபத்தும் உண்டு என்று அதிகாரிகள் விளக்கினர். அதை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2004ஆம் ஆண்டில் அக்காய்ச்சல் கிளந்தானிலும் கண்டது. பின்னர் 2019இல் அந்த ஆணையம் கலைக்கப்பட்டு, விலங்குகளைப் பற்றிய பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்திடம் சென்றது.

இப்போது நம் தோட்டங்களுக்கு வருவோம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவும் ஆடு மாடு மேய்க்கவும் ஒரு ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்றது. சட்டம் எல்லாத் தோட்டங்களிலும் ஒழுங்காக நடந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் அந்தக் கொல்லைப்புறம்தான் நம் குடும்பங்களின் சேமிப்புக் கணக்கு. கீரை அங்கே, ஆடு அங்கே, கோழியும் அங்கே. பள்ளிக்கூடப் புத்தகத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் கைகொடுத்தது முட்டையும் குஞ்சும்தான். சேவலை யாரும் தொல்லை என்று சொல்லவில்லை. காரணம் எளிது. வெயில் ஏறுமுன் குளிர்ந்த வேளையில் வெட்டினால்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும். ஆகவே லயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தாக வேண்டும். அங்கே சேவலின் நேரமும் மனிதர் நேரமும் ஒன்றாயிருந்தன.

1980களிலும் 1990களிலும் எத்தனையோ தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்பு நிலங்களாயின. நம் குடும்பங்கள் பல மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. கொல்லைப்புறம் போய்விட்டது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் நடந்தது. ஒரே பெரட்டு நேரம் மறைந்துவிட்டது. மேல்மாடிப் பெண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துக் காலை எட்டு மணிக்குப் படுக்கிறாள். அடுத்த வீட்டுக்காரர் நள்ளிரவு வரை லாரி ஓட்டிவிட்டு வருகிறார். பலகணியில் கூடைக்குள் கிடக்கும் சேவலைப் பற்றி இன்று புகார் சொல்பவர் சைபாரிஸ் செல்வர் அல்லர். ஒலெரோனுக்கு விடுமுறையில் வந்தவரும் அல்லர். நம்மைப்போலவே உழைத்துக் களைத்த ஒருவர். இதை மறந்தால் நியாயம் நமக்குப் புரியாது.

நம் சட்டத்தில் இதற்கு என்ன வழி? தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், துணைச் சட்டங்கள் இயற்றும் அதிகாரத்தை நகராண்மைக் கழகங்களுக்கும் மாவட்ட மன்றங்களுக்கும் தருகிறது. பிராணியை வைத்திருக்கும் இடம், முறை, எண்ணிக்கை ஆகியவற்றால் பிறருக்குத் தொல்லை விளையுமானால் மன்றம் நடவடிக்கை எடுக்கலாம். அடுக்குமாடிகளுக்கென்று 2015இல் வந்த விதிகளும், மற்றக் குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரும் பிராணிகளை வைத்திருக்கக் கூடாது என்கின்றன. கட்டட நிர்வாகம் எழுத்துமூலம் அறிவித்து அவற்றை அகற்றச் சொல்லலாம். துணைச் சட்டங்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆகவே கூண்டு கட்டுமுன் உங்கள் வட்டார மன்றத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கொல்லை உள்ள வீட்டில் இருப்பவர்கள் சில காரியங்களைச் செய்யலாம். முட்டைக்காக மட்டும் கோழி வளர்ப்போருக்குச் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டைகள் முட்டையிடும். குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் சேவல் வேண்டும். அதற்கும் ஒன்று போதும். பல சேவல்கள் இருந்தால் ஒன்றுக்கொன்று பதில் கூவிக்கொண்டே இருக்கும். கூண்டை அண்டை வீட்டுப் படுக்கையறைச் சன்னலுக்கு எதிரே வைக்காமல் தள்ளி வைக்கலாம். இரவில் தெருவிளக்கு வெளிச்சம் படாதபடி காற்றோட்டம் விட்டு மறைக்கலாம். இவற்றால் கூவல் குறையுமே தவிர அடியோடு நிற்காது. அதன் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை எந்த மன்றமும் நிறுத்திவிட முடியாது.

புகார் சொல்ல விரும்புபவருக்கும் ஒரு சொல். முதலில் கடிதத்தை மன்றத்துக்கு அனுப்பாதீர்கள். வேலியருகே சென்று, "அக்கா, நான் ராத்திரி வேலைக்காரன், பகலில்தான் தூங்கவேண்டியிருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். தோட்டத்தில் நாம் எத்தனையோ சச்சரவுகளைக் கோவில் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்த்தவர்கள் அல்லவா?

சைபாரிஸ் சேவலை விரட்டிற்று. பிரான்சு அதன் ஓசையைப் பொதுச் சொத்தாக்கிற்று. சிங்கப்பூரில் 24 கோழிகள் மாண்டன. எல்லா இடத்திலும் சேவல் செய்தது ஒன்றுதான். மாறியவை நம் சுவர்களும் நம் வேலை நேரங்களும்தாம். ஆகவே சேவல் கூவினால் யார் குற்றம் என்று கேட்குமுன், பக்கத்து வீட்டில் இந்நேரம் யார் உறங்குகிறார்கள், அவர்கள் எப்போது வேலைக்குப் போய் வந்தார்கள் என்று கேட்போம். அதைத் தெரிந்துகொண்ட அண்டை வீட்டாருக்கிடையே சேவல் வழக்கு பெரும்பாலும் வராது.