துண்டாகாத வழி

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பழைய ரயில் தடத்தின்மேல் அமைந்துள்ள கேட்டி பாதை ஏறத்தாழ 386 கிலோமீட்டர் நீளமுள்ளது. கிழக்கே மேச்சென்ஸில் தொடங்கி, பூன்வில் வரை பெரும்பாலும் மிசூரி ஆற்றங்கரையை ஒட்டி ஓடி, பிறகு ஆற்றைவிட்டு விலகி, புல்வெளிச் சீமை வழியாகக் கிளின்டனைச் சேர்கிறது. கூடாரம், படுக்கை, சமையல் சாமான், மாற்றுத்துணி எல்லாவற்றையும் சக்கரங்களின் இருபுறமும் தொங்கும் பைகளில் அடைத்துக்கொண்டு நாட்கணக்கில் சைக்கிளில் போகிறவர்களுக்கு இது பேர்பெற்ற வழி. ஆற்றின் அழகைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். புகழட்டும். ஆனால் இந்த வழியின் அருமை, அது எங்கும் அறுபடாமல் ஒரே இழையாக நம் கைக்கு வந்து சேர்ந்ததில் இருக்கிறது என்பேன். அந்தத் தொடர்ச்சியை ரயில் உண்டாக்கியது, சட்டம் காப்பாற்றியது.

எஃகுத் தண்டவாளத்தின்மேல் எஃகுச் சக்கரம் எளிதாக உருளும், ஆனால் பிடிமானம் குறைவு. சமதளத்தில் முன்னது பெரிய வரம். ஏற்றத்தில் பின்னது தொல்லை. ஆகவே ரயில் பாதை போட்டவர்கள் ஆற்றோரத்தைத் தேடிப் பிடித்தார்கள், மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள். ரோச்போர்ட் ஊரருகே மலைமுகடு வழிமறித்த இடத்தில் 1893-ல் குடைந்த சுரங்கம், கல் வளைவோடு இன்றும் நிற்கிறது. சரக்கு வண்டிக்காகச் செய்த இந்த ஏற்பாடு, பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் 100 மீட்டர் போனால் அந்த எடையை ஒரு மீட்டர்தான் தூக்க வேண்டும். இருபதுக்கு ஒன்று என்று ஏறும் சாலையில் அதே தூரத்துக்கு ஐந்து மீட்டர். நாள் முழுக்க மிதிக்கிறவரின் முழங்காலுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தண்ணீரும் சோறும் கிடைக்கும் ஊர்கள் எட்டும் தூரத்தில் வருவதும் பெரும்பாலும் ரயில் காலத்து நிறுத்தங்களால்.

இப்படிப்பட்ட வழி ஒருமுறை உடைந்தால் மீண்டும் ஒட்டாது. பல இடங்களில் ரயில் கம்பெனிக்கு நிலத்தின்மேல் இருந்தது வழியாகப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே. ரயிலைக் கைவிட்டால் நிலம் பக்கத்து உரிமையாளர்களுக்குத் திரும்பும். நீண்ட பாதை நூறு துண்டாகும். இதைத் தடுக்கவே 1983-ல் தேசியப் பாதைகள் சட்டம் திருத்தப்பட்டது. பின்னாளில் ரயிலுக்குத் தேவைப்பட்டால் திருப்பித் தரலாம் என்ற நிபந்தனையோடு, வழியை முழுசாக வைத்து, இடைக்காலத்தில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடலாம் என்றது திருத்தம். 1986 அக்டோபர் வெள்ளம் இந்தத் தடத்தில் ஓடிய மிசூரி-கான்சஸ்-டெக்சாஸ் ரயில் பாதையைச் சிதைத்தபோது, அதைச் செப்பனிடாமல் கைவிட முடிவெடுத்தது கம்பெனி. மாநில அரசு இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. முதலீட்டுத் தொழிலில் பெயர்பெற்ற டெட் ஜோன்ஸும் மனைவி பாட்டும் 22 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1990-ல் ரோச்போர்ட்டில் முதல் பகுதி திறந்தது. 1993-ல் மறுபடியும் பெருவெள்ளம் வந்து நெடுந்தூரத்தை அரித்துக்கொண்டு போனது. ஆனால் இம்முறை வழி முழுவதும் ஒரே பொறுப்பில் இருந்ததால் செப்பனிட்டுத் திறக்க முடிந்தது. துண்டு துண்டாகப் பிரிந்திருந்தால் யார் யாரைக் கூட்டிச் செய்வது?

நிலக்காரர்களின் எதிர்ப்பை அலட்சியப்படுத்தக் கூடாது. ரயிலுக்காகத் தாத்தா விட்டுக்கொடுத்த நிலத்தில் பேரன் அந்நியரின் சைக்கிளைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. வெர்மான்ட் வழக்கொன்றில் 1990-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதேசமயம் நிலம் பறிபோனதாக நிரூபித்தால் அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்றும் வழிவிட்டது. எனக்குச் சரியாகப்படும் தீர்வு இதுதான்: வழி பொதுவில் நிற்கட்டும், விலையைப் பொதுப்பணம் கொடுக்கட்டும்.

ரயில் திரும்பப்போவதில்லை, திருப்பித் தரலாம் என்ற நிபந்தனை வெறும் சாக்கு என்பது இன்னொரு வாதம். பூன்வில் பாலத்தின் கதை இதற்குப் பதில். 1932-ல் கட்டிய அந்த ரயில் பாலத்தின் நடுப்பகுதி, படகுகளுக்கு வழிவிட மேலே உயரும். கம்பெனியை வாங்கிய யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் அதைக் கழற்றி, எஃகை வேறொரு பாலத்துக்குக் கொண்டுபோக நினைத்தது. ஆற்றைக் கடக்கும் இடம் போனால் ரயில் வழி அங்கே அறுந்துவிடும், அறுந்த வழிக்குச் சட்டப் பாதுகாப்பும் நிற்காமல் போகலாம் என்று அஞ்சியவர்கள் எதிர்த்தார்கள். சைக்கிள்காரர்களுக்கு ஆற்றைக் கடக்கப் பக்கத்திலேயே சாலைப் பாலம் இருந்தது, ஆனாலும் போராடினார்கள். நிபந்தனை வெறும் சாக்கு என்றால் இதற்கு அவசியமே இருந்திருக்காது. மாநிலத் தலைமை வழக்கறிஞரே 2005-ல் வழக்குத் தொடுத்தார். இழுபறிக்குப் பின் 2010-ல் பாலத்தை பூன்வில் நகரத்துக்குக் கொடுக்க நிறுவனம் இசைந்தது.