ஜிம்மி ஜார்ஜ்

ஜிம்மி ஜார்ஜ் (8 மார்ச் 1955 – 30 நவம்பர் 1987) கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் பேராவூரைச் சேர்ந்த வாலிபால் வீரர். வெளிநாட்டுக் கிளப்புகளில் தொழில்முறையாக ஆடிய முதல் இந்திய வாலிபால் வீரர் இவரே. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றிருந்தார். ஆடவர் வாலிபாலில் 1958-இல் வெண்கலம், 1962-இல் வெள்ளி என்று வாங்கிய இந்தியாவுக்கு, அந்தப் போட்டிகளில் கடைசியாகக் கிடைத்த பதக்கம் சியோலில் வாங்கியதுதான்.

ஜார்ஜ் ஜோசப், மேரி தம்பதியின் பத்துப் பிள்ளைகளில் ஆண்கள் எட்டுப் பேர். ஜிம்மி இரண்டாவது மகன். பல்கலைக்கழக அளவில் வாலிபால் ஆடியிருந்த தந்தையே பிள்ளைகளுக்கு முதல் பயிற்சியாளர். அண்ணன் தம்பிகள் எட்டுப் பேரும் ஓர் அணியாகக் களமிறங்கிய கதையைக் கேரளத்தில் இன்றும் சொல்வார்கள். செர்பியாவிலும் இப்படி ஒரு வீடு உண்டு. யுகோஸ்லாவிய அணியில் ஆடிய மிலோஷ் கிர்பிச்சின் மகன்கள் விளாடிமிர், நிகோலா இருவரும் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ரஷ்யாவை 3-0 என வென்று தங்கம் பெற்ற அணியில் இருந்தவர்கள். கிர்பிச் சகோதரர்களுக்கு ஒலிம்பிக் வரை போகும் வழி போட்டிருந்தது. பேராவூர்ப் பையனுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

பதினாறாம் வயதில் மாநில அணி, பிறகு பல்கலைக்கழக அணி, 1974-இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டு என்று வேகமாக ஏறினார் ஜிம்மி. 1976-இல் அர்ஜுனா விருது வந்தபோது அவருக்கு வயது 21. அந்த விருது தொடங்கிய 1961-லேயே வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. விருது பெற்ற ஆண்டிலேயே ஜிம்மி கேரளக் காவல்துறையிலும் சேர்ந்தார். அக்கால வாலிபால் வீரர்கள் பலருக்கு ரயில்வே, காவல்துறை போன்ற அரசு வேலையே குறிக்கோள். அது கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது.

அந்த நிம்மதியோடு அவர் நின்றுவிடவில்லை. அவருடைய வாழ்க்கையில் மிகத் துணிச்சலான முடிவு, வெளிநாட்டுக்கு ஆடப் போனதுதான். 1979-இல் அபுதாபி ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆடினார். 1982-இல் இத்தாலி அழைத்தது. உலகின் முன்னணி வீரர்களைச் சம்பளம் கொடுத்து வரவழைத்த லீக் அது. ட்ரெவிசோ அவரை எடுத்துக்கொண்டது. வலைக்கு மேல் எழும்பி, எதிரணியின் பிளாக் இறங்கத் தொடங்கும் நேரத்திலும் காற்றில் நின்று பந்தை அடிப்பது அவருடைய தனித்திறமை. சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைத்த பழைய விதியில் ஓர் ஆட்டம் மணிக்கணக்கில் இழுக்கும். ஐந்தாவது செட்டிலும் முதல் செட்டின் உயரத்துக்கே குதிக்க வேண்டுமானால் உடலில் எவ்வளவு வலு வேண்டும்!

1987 நவம்பர் 30 அன்று இத்தாலியில் நடந்த கார் விபத்தில் ஜிம்மி இறந்தார். அப்போது அவருக்கு வயது 32. மனைவி கருவுற்றிருந்தார்; ஜிம்மி இறந்த பிறகே மகன் ஜோசப் பிறந்தான். அவர் ஆடிய கிளப் இருந்த, பிரெஷா மாகாணத்திலுள்ள மோன்டிகியாரி ஊரார் தங்கள் உள்ளரங்குக்குப் 'பாலாஜார்ஜ்' என்று அவர் பெயரையே வைத்தார்கள். தன் ஊர்க் கிளப்புக்காகச் சில பருவங்கள் ஆடிய அயல்நாட்டவருக்கு ஓர் ஊர் இவ்வளவு செய்வது அரிது. திருவனந்தபுரத்திலும் அவர் பெயரில் உள்ளரங்கம் உண்டு. குடும்பத்தில் விளையாட்டு தொடர்ந்தது: தம்பி ராபர்ட் பாபி ஜார்ஜ் பயிற்சியளித்த அவருடைய மனைவி அஞ்சு, 2003 பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் நீளம் தாண்டுதலில் வெண்கலம் வென்றார்.

ஜிம்மி இத்தாலியில் ஆடியதுபோல் வெளிநாட்டு வீரர்களும் ஆடும் தொழில்முறை லீக் இந்தியாவுக்கு வர 2019 ஆயிற்று. புரோ வாலிபால் லீக்கின் அந்த முதல் பருவத்தில் கோழிக்கோட்டு அணியை வீழ்த்திக் கோப்பை வென்றது சென்னை ஸ்பார்ட்டன்ஸ். கொச்சி அணிக்காக 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கர் டேவிட் லீ ஆடினார்.