பதியனிட்ட கிளை: மதுரையில் ஒரு சர்வகலாசாலை வேர்கொண்ட வரலாறு

கோரிப்பாளையம் தர்காவின் எதிரே நின்று சுற்றுமுற்றும் நோக்குகிறவர், மதுரை மாநகரில் கல்வி ஸ்தாபனங்கள் இவ்வளவு நெருங்கியமைந்த இடம் வேறொன்றில்லை என்று எளிதில் கண்டுகொள்வார். பசுமலையில் 1881இல் தோன்றிப் பிறகு இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வைகையின் வடகரைக்கு இடம்பெயர்ந்த அமெரிக்கன் கல்லூரியும், 1954இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், சற்றே தள்ளிச் சொக்கிகுளத்தில் 1948 முதல் நடைபெற்றுவரும் லேடி டோக் பெண்கள் கல்லூரியும் கூப்பிடு தூரத்துக்குள் அமைந்தவை. எனினும் இக்கல்லூரிகளில் பயின்ற மாணவர்க்குப் பாடத்திட்டம் வகுத்தும், வினாத்தாள் அனுப்பியும், பட்டம் வழங்கியும் வந்த சர்வகலாசாலையோ ஏறக்குறைய 300 மைலுக்கு அப்பால், சேப்பாக்கத்துக் கடற்கரையில் இருந்தது. அந்தத் தூரம் குறைந்த கதையே இக்கட்டுரையின் பொருள்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டபோது, அது கற்பிக்கும் நிறுவனமாக அன்று, பரீட்சை நடத்தும் சபையாகவே ஏற்பட்டது. கற்பித்தல் கல்லூரிகளின் காரியம். சோதித்தல் சர்வகலாசாலையின் அதிகாரம். கர்ஸான் பிரபுவின் காலத்தில் வந்த 1904ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்ற வழிவகுத்து, 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வலுப்படுத்திய பிறகும், பல்கலைக்கழகம் தானே நடத்திய ஆராய்ச்சித் துறைகளும் அவற்றின் பெரிய நூல்நிலையமும் தலைநகரிலேயே குவிந்துகிடந்தன. 1929இல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுக்குப் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தன் வளாகத்துக்குள்ளேயே மாணவரை வைத்துக் கற்பிக்கும் அமைப்பாதலால், வெளியூர்க் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துக்கொள்ளவில்லை. ஆகவே மதுரை, நெல்லைச் சீமைகளின் கல்லூரிகள் முன்போலவே சேப்பாக்கத்தை நோக்கிக் காத்திருந்தன. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட நகரத்துக்கு இது ஒரு மனக்குறையாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பல்கலைக்கழக மானியக் குழு 1956இல் சட்டப்படி நிலைபெற்று, முதுநிலைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் நாடெங்கும் ஊக்கம் பிறந்த அப்பத்தாண்டின் பிற்பகுதியில்தான், சென்னைப் பல்கலைக்கழகம் மதுரையில் ஒரு விரிவாக்க மையத்தைத் தொடங்கியது. ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1942 தொடங்கி 1969 வரை துணைவேந்தராக வீற்றிருந்த நெடுங்காலத்தின் நடுவே நிகழ்ந்த இச்செயல், அன்று பெரிய ஆரவாரத்துக்குரியதாகத் தோன்றியிராது. ஆனால் அங்கே அனுப்பப்பட்டது எது என்பதைக் கவனிக்கவேண்டும். விண்ணப்பம் வாங்கவும் கட்டணம் பெறவும் ஒரு காரியாலயத்தைத் திறந்துவைத்திருந்தாலும் தென்மாவட்டத்தார் மகிழ்ந்தே இருப்பர். அது நூறாண்டு கழிந்தும் காரியாலயமாகவே இருந்திருக்கும். மதுரைக்கு வந்ததோ கற்பிக்கும் தொழில்.

மல்லிகை பயிரிடுவோர் பதியன் போடும் முறையை அறிந்தவர்க்கு இதனை விளக்குவது எளிது. தாய்ச்செடியின் கொடியை வெட்டாமலே வளைத்து, நடுப்பகுதியை மண்ணில் புதைத்து, நீர் வார்த்துவந்தால், தாயின் சத்தை உண்டுகொண்டே அது தன் வேரை இறக்கும். வேர் இறங்கிய பிறகே கத்தி. விரிவாக்க மையமும் அவ்வாறே தாய்ப் பல்கலைக்கழகத்தின் பொருளையும் பெயரையும் உண்டு சில ஆண்டுகள் வளர்ந்தது. கத்தியாக வந்தது 1965ஆம் ஆண்டின் மதுரைப் பல்கலைக்கழகச் சட்டம். 1966இல் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களையும் தன் எல்லையாகக் கொண்டு புதிய பல்கலைக்கழகம் எழுந்தது. முன்னைத் தலைமுறையார் சர்வகலாசாலை என்றே வழங்கிய ஸ்தாபனத்தைப் பல்கலைக்கழகம் என்று அழைக்கும் வழக்கம் அதற்குள் வேரூன்றிவிட்டது. முதல் துணைவேந்தராக மொழியியல் வல்லுநர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரும், அவரை அடுத்து 1971இல் மு. வரதராசனாரும் அமர்ந்தமை அப்பெயர் மாற்றத்துக்கு ஒரு பொருத்தம் போலவே தோன்றுகிறது. மு.வ. 1974இல் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். காமராசர் பெயர் 1978இல் சேர்ந்தது.

இடம் பற்றியும் சொல்லவேண்டும். நகருக்கு மேற்கே 13 கிலோமீட்டர் தொலைவில், தேனி செல்லும் சாலையில், நாகமலைக்கு அருகே 750 ஏக்கர் பரப்பில் பல்கலை நகர் உருவாயிற்று. பக்கத்தில் சமணர் மலை. பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ள அம்மலை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணப் பள்ளி விளங்கிய இடம். பள்ளி இருந்த மலையடியில் மீண்டும் ஒரு கலாசாலை அமைந்தது தற்செயல்தான். ஆயினும் அத்தற்செயல் விஞ்ஞானத்துக்கும் பயன்பட்டது. உயிரினங்களின் உள்ளே ஓடும் காலக்கணக்கை ஆராய்ந்த எம். கே. சந்திரசேகரன், அந்தச் சுற்றுவட்டாரத்துக் குகைகளில் வாழும் வௌவால்களையே தம் ஆய்வுக்குரிய உயிர்களாக்கிக்கொண்டார்: சூரிய ஒளி புகாத குகைக்குள் கிடக்கும் வௌவால், வெளியே பொழுது சாய்ந்ததை எவ்வாறு அறிகிறது? சேப்பாக்கத்துக் கடற்கரையிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியும். நாள்தோறும் மாலையில் குகைவாயிலில் போய் உட்கார்ந்து கணக்கெடுத்திருக்க முடியாது.

ஆனால் நகரம் ஒன்றை இழந்தது. பகலில் கடையிலோ அலுவலகத்திலோ உழைத்து, அந்தியில் படிக்க எண்ணும் கோரிப்பாளையத்து இளைஞனுக்கு, காளவாசல் கடந்து இரண்டு பேருந்து மாறிச் சேரவேண்டிய பல்கலை நகர் சேப்பாக்கத்தைக் காட்டிலும் அவ்வளவு சமீபமானதன்று. இக்குறையைப் பல்கலைக்கழகம் உணராமல் இல்லை. 1971இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியும், அழகர்கோவில் சாலையில் அது நடத்திவந்த மாலைக் கல்லூரியும் அவ்வுணர்வின் விளைவுகள். இவற்றுள் அஞ்சல்வழிக் கல்வியே பிரசித்தி பெற்றது. பல்கலைக்கழகத்துக்கு வருவாயும் அதனால் பெருகிற்று. என் மதிப்பில் மாலைக் கல்லூரியே உயர்ந்த முயற்சி. ஆசிரியரும் மாணவரும் ஒரே விளக்கின்கீழ் அமர்வது அங்கேதான்.

மதுரையில் கண்ட முறை மற்ற இடங்களிலும் பின்பற்றப்பட்டது. திருச்சியிலும் கோயம்புத்தூரிலும் சென்னைப் பல்கலைக்கழகம் வைத்திருந்த முதுநிலை மையங்கள் 1982இல் பாரதிதாசன், பாரதியார் பல்கலைக்கழகங்களாயின. மதுரையும் தன் பங்குக்குத் தாய்ச்செடியாயிற்று. திருநெல்வேலியில் அது வளர்த்த மையத்தை அடிப்படையாகக் கொண்டு 1990இல் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் 1985இல் தோன்றிவிட்டமையால், நான்கு மாவட்டங்களை ஆண்ட மதுரையின் எல்லை சுருங்கியது. இதனைச் சிலர் தேய்வென்று வருந்துவதுண்டு. தமிழில் கிளை என்ற சொல் மரத்தின் கொம்பை மட்டுமா குறிக்கிறது? சுற்றத்தையும் அல்லவா குறிக்கிறது! கிளை பெருகியதற்கு வருந்துவானேன்?

விரிவாக்க மையத்தில் அந்நாளில் பயின்றவர் இன்று எண்பது வயதைக் கடந்தவர். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் சேர்க்கைச் சீட்டோ, வகுப்புக் குறிப்பேடோ, ஆசிரியரோடு நின்றெடுத்த நிழற்படமோ கிடக்குமாயின், பிள்ளைகளும் பேரர்களும் அவற்றைப் பழைய காகிதக் கடைக்குப் போடாமல், பல்கலை நகரில் தெ. பொ. மீ. பெயரால் விளங்கும் நூலகத்தில் சேர்ப்பித்தருள வேண்டுகிறேன்.