"ஆள் கிடைக்கல" என்றால் மட்டும் போதுமா? வெளிநாட்டு ஊழியர் கொள்கை பற்றி முதலாளிகள் அரசாங்கத்திடம் கருத்துச் சொல்வது எப்படி?

உங்கள் வீட்டில் யாராவது கடை நடத்துகிறார்களா? உணவகமோ, மளிகைக்கடையோ, சின்னக் குத்தகை நிறுவனமோ, எதுவாக இருந்தாலும் இந்த வரியை நீங்கள் கேட்டிருப்பீர்கள்: "ஆளே கிடைக்க மாட்டேங்குது!"

பெரும்பாலும் அது சாப்பாட்டு மேசைப் புலம்பலோடு முடிந்துவிடும். ஆனால் அதே விஷயத்தை மனிதவள அமைச்சின் காதில் போடவும் வழிகள் உண்டு. அது எப்படி? பார்க்கலாம் வாங்க.

புலம்பல் கொள்கையாக மாறுமா?

மாறும். சிங்கப்பூரின் இந்திய உணவகங்களே அதற்கு உதாரணம்.

சேவைத் துறையில் வேலை அனுமதியின்கீழ் (வொர்க் பெர்மிட்) எந்த நாட்டவரை வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது. மலேசியா, சீனா போன்ற சில இடங்களிலிருந்துதான் எடுக்கலாம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. தோசை மாஸ்டரையோ தந்தூரிச் சமையல்காரரையோ இந்தியாவிலிருந்து வரவழைக்க நினைத்த உணவகங்கள் எஸ் பாஸ் போன்ற வழிகளைத்தான் நாடவேண்டியிருந்தது. அதற்குச் சம்பள வரம்பும் அதிகம், இட ஒதுக்கீடும் குறைவு.

சமையல்காரர் பற்றாக்குறை பற்றி உணவகங்களும் வர்த்தக அமைப்புகளும் தொடர்ந்து பேசிவந்தன. 2023 செப்டம்பர் 1 முதல், தகுதிபெறும் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதியில் எடுக்க வழி திறந்தது. 2025 செப்டம்பரில் அந்தச் சலுகை மற்றச் சமையல்காரர் வேலைகளுக்கும் விரிந்தது. கனரக வாகன ஓட்டுநர், உற்பத்தித் துறை இயக்குநர் வேலைகளும் பட்டியலில் சேர்ந்தன.

கேட்டது அப்படியே கிடைத்ததா? இல்லை. நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. அந்த ஏற்பாட்டின்கீழ் வருவோருக்கு மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் கொடுக்கவேண்டும். நிறுவனத்தின் மொத்த ஊழியர்களில் அவர்கள் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதாவது 25 பேர் வேலைசெய்யும் உணவகத்தில் 2 பேர்.

இந்த நிபந்தனைகளைக் கவனித்தால் அரசாங்கத்தின் கவலை புரியும். உள்ளூர்வாசிகளின் சம்பளம் பாதிக்குமா? நிறுவனங்கள் மலிவான ஊழியர்களையே நம்பியிருக்குமா? நீங்கள் எழுதும் கருத்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும்.

எங்கே சொல்வது?

1. ரீச்: அரசாங்கத்தின் கருத்துத் திரட்டும் பிரிவு. அமைச்சுகளின் கலந்தாலோசனை அறிக்கைகளும் அவற்றுக்கான இறுதி நாளும் அதன் இணையத்தளத்தில் வெளியாகும். பொது இடங்களில் அவ்வப்போது கருத்துச் சாவடிகளும் போடுவார்கள்.

2. வர்த்தகச் சங்கங்கள்: சிங்கப்பூர் வர்த்தகச் சம்மேளனம், சிங்கப்பூர் இந்திய வர்த்தகத் தொழிற்சபை, லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்போருக்கு லிஷா போன்றவை. இங்குப் பதிவான நிறுவனத்தின் பங்கு மூலதனம் 500,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் இருந்தால், சட்டப்படி அது வர்த்தகச் சம்மேளனத்தில் தானாகவே உறுப்பினராகிவிடும். சின்னக் கடைக்கு அப்படியில்லை. நாமாகப் போய்ச் சேரவேண்டும்.

3. முத்தரப்பு வழி: மனிதவள அமைச்சு, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், சிங்கப்பூர் தேசிய முதலாளிகள் சம்மேளனம் மூன்றும் ஒரே மேசையில் உட்காரும் முறை. முதலாளிகள் சம்மேளனம் உங்கள் பக்கத்தை அங்கே எடுத்துச்சொல்லும். எதிரே ஊழியர்களின் குரலும் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எப்போது சொல்வது?

நேரம் ரொம்ப முக்கியம். வரவுசெலவுத் திட்டம் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். அதற்கான கருத்துகளைப் பொதுவாக டிசம்பர், ஜனவரி மாதங்களில் திரட்டுவார்கள். பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் நாடாளுமன்றத்தில் ஒவ்வோர் அமைச்சின் திட்டமும் விவாதிக்கப்படும். வெளிநாட்டு ஊழியர் விதிமாற்றங்கள் பல அப்போதுதான் அறிவிக்கப்படுகின்றன. மார்ச்சில் அறிவிப்பைக் கேட்டபிறகு எழுதினால், அநேகமாக அடுத்த ஆண்டுக்குத்தான்!

என்ன எழுதுவது?

நல்ல வழிகாட்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கான 'காம்பஸ்' புள்ளிமுறையில், ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளின் பட்டியல் ஒன்று உண்டு. ஒரு வேலையை அதில் சேர்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: பொருளியலுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம்? பற்றாக்குறை எவ்வளவு கடுமை, ஏன்? உள்ளூர்வாசிகளை அந்த வேலைக்குத் தயார்ப்படுத்த அந்தத் துறை என்ன செய்கிறது?

உங்களுடையது பரோட்டாக் கடையாக இருந்தாலும் இந்த மூன்று கேள்விகளும் பொருந்தும். ஒரு கற்பனை உதாரணம் பாருங்கள்.

பலவீனமான கருத்து: "ஆள் பற்றாக்குறை அதிகம். இட ஒதுக்கீட்டைத் தளர்த்துங்கள். தீர்வையைக் குறையுங்கள்."

வலுவான கருத்து: "எங்களிடம் 18 பேர் வேலைசெய்கிறார்கள். தந்தூரி அடுப்புக்கு ஆள் தேடி 3 மாதம் விளம்பரம் செய்தோம். சம்பளம் 2,600 வெள்ளி. விண்ணப்பித்த உள்ளூர்வாசிகள் 4 பேர், ஒருவர் சேர்ந்து இரண்டு வாரத்தில் விலகினார். அதனால் திங்கள்கிழமைகளில் கடையை மூடுகிறோம். மாவு பிசையும் இயந்திரம் வாங்கிவிட்டோம், ஆனால் அடுப்பு வேலைக்கு அனுபவம் உள்ளவர் தேவை. ஒருவரை எடுக்க அனுமதித்தால் அவரிடம் இரண்டு உள்ளூர் உதவியாளர்கள் பயிற்சி பெறுவார்கள்."

வித்தியாசம் தெரிகிறதா? முதலாவதை எந்தக் கடையும் எழுதலாம். இரண்டாவதை அந்தக் கடை மட்டுமே எழுத முடியும். அதிகாரி அதைச் சரிபார்க்க முடியும். பத்துக் கடைகள் இப்படி எழுதினால், சங்கம் அவற்றைத் தொகுத்து ஒரு துறையின் பிரச்சினையாகவே காட்டலாம்.

எழுதும்போது எதைத் தவிர்க்கவேண்டும்?

• எண்களை ஊதிப் பெரிதாக்காதீர்கள். உங்கள் ஊழியர் எண்ணிக்கையும் சம்பள விவரமும் அமைச்சிடம் ஏற்கெனவே இருக்கும்.

• ஊழியர்களின் பெயர், அடையாள எண் வேண்டாம். வர்த்தக ரகசியம் இருந்தால் 'வெளியிட வேண்டாம்' என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

• உங்கள் கடையின் தனிப்பட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதா? அதற்கு மேல்முறையீடு செய்யும் வழி தனி. கலந்தாலோசனை என்பது எல்லாருக்குமான விதியைப் பற்றியது.

• உள்ளூர்வாசிகளைக் குறைசொல்லாதீர்கள். "இந்தக் காலத்துப் பசங்க உழைக்க மாட்டாங்க" என்பது ஆதாரம் ஆகாது. "இரவு 11 மணி வரை வேலை என்பதால் மூவர் மறுத்தார்கள்" என்பது ஆதாரம்.

அனுப்பிய பிறகு?

உடனே மாற்றம் வராது. பல நேரங்களில், வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் அரசாங்கத்தின் பதிலையும் வெளியிடுவார்கள். அதைப் படியுங்கள். உங்கள் கருத்து ஏற்கப்படவில்லை என்றால், காரணம் அங்கே இருக்கலாம். அடுத்த முறை எழுதும்போது அந்தக் காரணத்திலிருந்து தொடங்குங்கள். விதிகளும் அடிக்கடி மாறுவதால், எழுதுமுன் அமைச்சின் இணையத்தளத்தில் புதிய விவரங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. கடையின் சிரமம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அத்துப்படி, ஆனால் ஆங்கிலப் படிவத்தைப் பார்த்ததும் "நமக்கெதுக்கு இதெல்லாம்?" என்று ஒதுக்கிவிடக்கூடும். உங்களுக்கு இரண்டு மொழியும் வரும். அடுத்த முறை மேசையில் அந்தப் புலம்பல் எழும்போது, "எத்தனை மாசமா? எத்தனை பேர் வந்தாங்க? என்ன சம்பளம் சொன்னீங்க?" என்று கேட்டு எழுதிவையுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.