தோர்தோஞ் நதியின் ஓடக்காரர்கள்

பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்குப் பகுதியில், செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சுவர் ஒன்று தோர்தோஞ் நதியை நெருங்கி நிற்கும் இடத்தில், பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே கிடைத்த ஒடுங்கிய நிலத்தில் மஞ்சள் நிறக் கல்வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அமர்ந்திருக்கும் லா ரோக் கஜாக் என்ற கிராமத்தைக் காண, கோடைகாலந்தோறும் பல நாட்டு ஜனங்கள் வந்து கூடுகிறார்கள். தெற்கு நோக்கிய அந்தப் பாறை பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால், குளிர்காலத்தில் உறைபனி காணும் பிரதேசத்தில் வாழையும் மூங்கிலும் பனை வகை மரங்களும் வீட்டுத் தோட்டங்களில் செழித்து நிற்பதை அவர்கள் வியப்புடன் பார்க்கிறார்கள். பாறையின் இடுப்பில் குடைந்து கட்டிய பழைய காவற்கோட்டையை அண்ணாந்து நோக்குகிறார்கள். பிறகு துறைக்கு இறங்கி, கயாக் என்னும் சிறு தோணியைத் தாமே துடுப்பிட்டுச் செலுத்தியோ, தட்டையான அடிப்பாகமுடைய 'கபார்' என்ற மரப்படகில் ஏறி அமர்ந்தோ, நதியின் போக்கில் சிறிது தூரம் உல்லாசமாகச் சென்று வருகிறார்கள்.

அந்தப் பிரயாணத்தில் கண்ணை முதலில் கவர்ந்துகொள்பவை கோட்டைகளே. ஒரு கரையில் பேனாக், எதிர்க்கரையில் காஸ்டெல்னோ. நூறாண்டுப் போரில் முன்னது பிரெஞ்சு மன்னன் பக்கமும் பின்னது பெரும்பாலும் ஆங்கிலேய மன்னன் பக்கமும் நின்று, நடுவில் ஓடிய நதியையே எல்லையாக்கிக்கொண்டு பகை பாராட்டின. இன்னும் கொஞ்சம் கீழே போனால், ஜோசஃபின் பேக்கர் என்ற புகழ்பெற்ற பாடகி பல தேசத்துக் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த மிலாந்த் மாளிகை. இவற்றின் சரித்திரத்தை எடுத்துச் சொல்ல நூல்களும் வழிகாட்டிகளும் ஏராளம். ஆனால் இந்தக் கிராமத்துக்குச் சோறு போட்டது கோட்டையன்று, துறை. பிரயாணிகள் அமர்ந்திருக்கும் அந்தப் படகுக்கு, உல்லாசம் என்பதையே அறியாத ஒரு பூர்வ வாழ்க்கை உண்டு. அதைப் பற்றிச் சொல்வதே என் நோக்கம்.

தோர்தோஞ், பிரான்சின் மத்திய மலைத்தொகுதியில் சான்சி சிகரத்தின் சரிவில் பிறந்து, ஏறக்குறைய 480 கிலோமீட்டர் ஓடி, போர்தோ நகருக்கு வடக்கே கரோன் நதியுடன் கூடி ஜிரோந்த் என்ற அகன்ற கழிமுகமாகிறது. நதியின் தலைப்பகுதியில் அடர்ந்த காடுகள், விளைநிலமோ சொற்பம். கடைப்பகுதியில் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டங்கள், மரமோ போதாது. திராட்சை ரசத்தை அடைத்து வைக்க ஓக் மரத்தாலான பீப்பாய் வேண்டும், கொடி படர ஊன்றுகழி வேண்டும். இவ்விரண்டையும் மேல்நாட்டுக் காடுகளே கொடுக்க முடியும். செங்குத்தான பள்ளத்தாக்குகளுக்குள் வண்டிப்பாதை அமைக்க இயலாத அந்த நாட்களில், மரத்தைக் கீழ்நாட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடிய வழி நதி ஒன்றுதான். ஸ்பொந்தூர், அர்ழாந்தா முதலிய மேல்நதித் துறைகள் இந்த ஒரே காரணத்தால் உயிர் பெற்றவை.

குளிர்காலத்தில் காட்டில் மரம் வெட்டுவார்கள். பிளந்த பலகைகளையும் கழிகளையும் கரையில் அடுக்கி வைப்பார்கள். அங்கேயே, முரட்டுத்தனமாக அறுத்த பலகைகளைக் கொண்டு படகையும் கட்டுவார்கள். இழைப்பு வேலைப்பாடோ அலங்காரமோ அதில் கிடையாது. இடுக்குகளில் பாசியைத் திணித்து நீர் புகாமல் அடைத்தால் போதும். ஏனென்றால் அந்தப் படகின் ஆயுள் ஒரே ஒரு பிரயாணந்தான். சரக்கைச் சேர்ப்பித்தவுடன் படகையும் உடைத்து, அதன் பலகைகளை விறகுக்கும் வேறு உபயோகங்களுக்கும் விற்றுவிடுவார்கள். பாறைகள் நிறைந்த அந்த வேகமான நீரோட்டத்தில் வெறும் படகை எதிர்த்து இழுத்து வருவதற்கு ஆகும் செலவு, புதிய படகு ஒன்றைக் கட்டுவதற்கு ஆகும் செலவை மிஞ்சிவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. வாகனத்தையே சரக்கோடு சேர்த்து விற்றுவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பும் இந்த வழக்கத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஓடக்காரர்கள் வீடு திரும்பியது கால்நடையாக. விற்பனைக்குப் பின் காடும் மேடும் கடந்து, வழியிலுள்ள சத்திரங்களில் தங்கித் தங்கி, பல நாட்கள் நடந்து மலையூரைச் சேர்ந்து, மறுபடியும் கோடரியை எடுத்தார்கள்.

நினைத்தபோதெல்லாம் புறப்பட்டுவிடவும் முடியாது. கோடையில் நீர் குறைந்து பாறைகள் தலைகாட்டும். பெருவெள்ளத்தில் சுக்கானுக்குப் படகு கட்டுப்படாது. இவ்விரண்டுக்கும் நடுவான நீர்மட்டம் இலையுதிர்காலத்திலும் வசந்தகாலத்திலும் வருஷத்தில் சில வாரங்களே நிலைக்கும். மழை ஏமாற்றிவிட்டால் குடும்பமே காத்துக் கிடக்க வேண்டியதுதான். நீர் ஏறிவிட்டாலோ, கூட்டங்கூட்டமாகப் படகுகளை அவிழ்த்து விடுவார்கள். பாறை இடுக்குகளில் சுழித்தோடும் நீரில் படகு சிதறி மாண்டவர் உண்டு. கீழே லாலாந்த் என்ற ஊருக்கருகே கிராத்யூஸ் என்னும் நீர்ப்பாய்ச்சல், நதி முழுவதிலும் மிகவும் அஞ்சப்பட்ட இடம். அதற்கு நேர் மேலே பாறை விளிம்பில் நிற்கும் புனித ஃப்ரோன் சிற்றாலயத்தை நோக்கி ஓடக்காரர்கள் பிரார்த்தித்துக்கொண்டே இறங்குவார்கள். கடந்து செல்வதற்கு அந்த இடத்துப் பாறைகளை உள்ளங்கைபோல் அறிந்த உள்ளூர் மாலுமிகளை அமர்த்திக்கொள்வார்கள். இந்த அபாயத்தைச் சுற்றிக்கொண்டு செல்வதற்காகப் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாலாந்தில் 15 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது.

லா ரோக் கஜாக் இருக்கும் நடுநதியில் நிலைமை சற்று வேறு. சூயாக் என்ற துறைக்குக் கீழே நதி சாந்தமடைவதால், அங்கே உறுதியான படகுகள் இரு திசையிலும் செல்ல முடிந்தது. கீழிருந்து வந்த முக்கியச் சரக்கு உப்பு. கடற்கரை உப்பு லிபூர்ன் துறையில் ஏற்றப்பட்டு, கரையில் நடக்கும் எருதுகளோ மனிதர்களோ கயிறு பூட்டி இழுக்க, மெல்ல மெல்ல உள்நாட்டை அடைந்தது. கீழே சென்றவை மரமும் திராட்சை ரசமும் பாற்கட்டியும். பெர்ஜராக் நகரத்து இனிப்பு ரசத்துக்கு ஹாலந்தில் பெரிய கிராக்கி இருந்தது. 1685க்குப் பின் மத நிர்ப்பந்தத்தால் நாட்டை விட்டு அங்கே குடியேறிய பிராட்டஸ்டண்டு மக்கள், சொந்த ஊர் ரசத்தை மறக்காமல் வரவழைத்தது அதை மேலும் வளர்த்தது.

இப்படி உலகப்போக்குடன் தொடர்பு கொண்ட துறையூர், கல்விக்கும் அந்நியமாயிருக்கவில்லை. இங்கே பிறந்த ழான் தார்த் என்ற பாதிரியார், சார்லா மறைமாவட்டத்தின் தேசப்படங்களை வரைந்தவர்; 1614இல் இத்தாலிக்குப் போய்க் கலிலியோவைச் சந்தித்து, தொலைநோக்கி ஞானத்துடன் திரும்பியவர். சூரியனின் முகத்தில் தெரியும் புள்ளிகள் சிறு கிரகங்களே என்று முடிவு செய்து, 1620இல் பிரெஞ்சு அரச குடும்பத்தின் பெயரால் அவற்றுக்கு நாமகரணமும் செய்தார். முடிவு பிழையாயிற்று, ஆயினும் இந்தச் சின்னஞ்சிறு ஊரில் பிறந்த ஒருவர் ஆண்டுக்கணக்காகச் சூரியனை உற்று நோக்கி நின்ற சிரத்தை போற்றத்தக்கது.

ஓடத் தொழில் அழிந்தது ஒரு தலைமுறைக்குள். 1875இல் ரயில் பெர்ஜராக்குக்கு வந்தது. 1882இல் லா ரோக் கஜாக்குக்கு அண்மையிலுள்ள சார்லாவையே எட்டியது. மழைக்குக் காத்திராத, பாறைக்கு அஞ்சாத வண்டிக்கு முன் படகு நிற்க முடியவில்லை. அதே காலத்தில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கியதால், கழிக்கும் பீப்பாய்ப் பலகைக்கும் இருந்த தேவையும் குன்றியது. பின்னர் மின்சாரத்துக்காக மேல்நதியில் வரிசையாக அணைகள் எழுந்தன: 1935இல் மாரேஜ், உலகப்போரின் ஊடே கட்டி முடித்த ஏகிள், 1951இல் ஷாஸ்தாங், அடுத்த வருஷம் போர் என்னும் ஊரின் அணை. தகப்பனும் பாட்டனும் உயிரைப் பணயம் வைத்து இறங்கிய பாய்ச்சல்கள் ஆழ்ந்த ஏரிகளுக்கு அடியில் மறைந்தன. ஸ்பொந்தூரின் தாழ்ந்த பகுதியையும் நீர் கொண்டது. இன்று கீழே குழந்தைகளும் துடுப்புப் போடக்கூடிய அளவுக்கு நீர் அடங்கி நிற்பதில் இந்த அணைகளுக்கும் பங்குண்டு. மின்சாரத் தேவைக்கேற்ப நீரைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பதால், கரையோரச் சரளையில் முட்டையிடும் மீன்கள் படும் நஷ்டத்துக்கும் இவையே காரணம்.

கிராமத்துக்கும் சோதனை வராமலில்லை. 1957 ஜனவரியில் பாறைச் சுவரின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்து வீடுகளை நொறுக்கி, மூன்று உயிர்களைக் கொண்டது. இடிந்ததை ஊரார் பழைய சாயலிலேயே எழுப்பினார்கள்.

1990இல் கிறிஸ்தியான் சிஞ்ஞோல் என்ற நாவலாசிரியர் இந்த ஓடக்காரர்களின் வாழ்வைக் கதையாக எழுத, அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்து தேசமெங்கும் அவர்களை நினைவூட்டியது. ஆகையால் லா ரோக் கஜாக்குக்குப் போகிறவர்கள், கோட்டைகளைக் கண்டு முடித்த பின் இன்னும் ஒரு நாளை ஒதுக்கி, நதியை எதிர்த்து அர்ழாந்தா வரையில் செல்வது நலம். மரம் ஏற்றுவதற்காக நீர்வரை சரிவாகக் கல் பாவிய பழைய துறைமேடு அங்கே இன்னும் இருக்கிறது. சரக்கோடு புறப்பட்ட இடமும், பல நாள் நடந்து களைத்தவர்கள் திரும்பி வந்து சேர்ந்த இடமும் அதுதான்.