படகு கார் ஏறாத மலையில் ஜீப் ஏறின கதை

அமெரிக்காவுல இருக்கற நம்மாளுங்க சிலர் போடற படங்களைப் பார்த்திருப்பீங்க. வீட்டு கராஜ்ல ஒரு 1967 மஸ்டாங்கையோ 1969 கமேரோவையோ அக்கக்காப் பிரிச்சுப் போட்டு, சனி ஞாயிறெல்லாம் கிரீஸும் கையுமா உட்கார்ந்திருப்பாங்க. அப்படி ஒரு படத்தைப் பார்த்துட்டு நண்பர் ஒருத்தர் கேட்டார்: "ஏனுங்க, நம்ம கொல்லிமலைப் பக்கம் இந்த மாதிரி மசில் கார் ஏதாச்சும் எவனாவது ஷெட்டுல தூங்கிட்டு இருக்குமா?"

இருக்காதுங்க. ஏன் இருக்காதுங்கறதே ஒரு சுவாரசியமான கதை. அதுக்குப் பதிலா மலையில என்ன இருக்குங்கறது அதைவிட சுவாரசியம். பதிவு கொஞ்சம் நீளம், டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

கதவு சாத்தின பிறகு வந்த விருந்தாளி

மசில் கார்னா பெரிய ரகசியம் ஒண்ணுமில்லை. நடுத்தர சைஸ் காருக்குள்ள ராட்சச இன்ஜினைத் திணிச்சு, இளவட்டங்கள் வாங்கற விலையில விக்கறது. 1964ல வந்த பான்டியாக் ஜிடிஓவைத்தான் பலரும் பிள்ளையார் சுழின்னு சொல்றாங்க. 6.4 லிட்டர் இன்ஜின், 325 குதிரைசக்தி. (வல்வில் ஓரியோட குதிரைக்கும் ஓரின்னுதான் பேராம். கொல்லிமலைக்கு அன்னிக்கு ஒரே ஒரு குதிரைசக்தி போதுமா இருந்திருக்கு!)

நம்ம நாட்டுல அமெரிக்கக் கார் இல்லாம இல்லை. ஃபோர்டு 1926லயே இங்க கம்பெனி ஆரம்பிச்சது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல பம்பாயில கார் பூட்ட ஆரம்பிச்சது. மதுரை டிவிஎஸ் அவங்க வண்டிகளுக்கு ஏஜென்சி எடுத்து வளர்ந்தது தெரிஞ்ச கதை. சுதந்திரத்துக்குப் பிறகு காத்து மாறிடுச்சு. முழுசாக் கட்டின காரை இறக்குமதி பண்ண 1949ல தடை. பாகங்களைக் கொண்டுவந்து பூட்டறது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்கறவங்கதான் தொழில் பண்ணலாம்னு 1953ல சொல்லிட்டாங்க. 1954ல ஜெனரல் மோட்டார்ஸ் கடையைச் சாத்திட்டுக் கிளம்பிடுச்சு, ஃபோர்டும் போயிடுச்சு. அப்புறம் நமக்கு மிஞ்சினது அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு. அறுபதுகள்ல மெட்ராஸ் ரோட்டுல ஒரு இம்பாலா போனா ஜனங்க நின்னு பார்த்தாங்க. தூதரகத்துக்காரங்க விட்டுட்டுப் போன வண்டிகளை அரசாங்கத்தோட எஸ்டிசி மூலமா வாங்கி ஓட்டினவங்க இருந்தாங்க. நீளத்தையும் மிதக்கற நடையையும் பார்த்து நம்ம ஜனங்க வச்ச பேருதான் 'படகு கார்'.

ஆக, ஜிடிஓ பொறந்தப்போ இங்கே கதவைச் சாத்திப் பத்து வருஷம் ஆயிடுச்சு. அப்படியே வந்திருந்தாலும் காரவள்ளியில இருந்து மேல போற எழுபது கொண்டை ஊசி வளைவுல அந்தப் படகு எத்தனையாவது வளைவுல முட்டிக்கிட்டு நின்னிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஏறின அமெரிக்கன்

மலை ஏறின அமெரிக்கன் வேற ஆளு. 1940ல அமெரிக்க ராணுவம் கேட்டதுக்காக பாண்டம்ங்கற சின்னக் கம்பெனி அவசர அவசரமா ஒரு மாதிரி வண்டி செஞ்சு கொடுத்தது. அதை வில்லிஸும் ஃபோர்டும் எடுத்துக்கிட்டு, போர் முடியறதுக்குள்ள ஆறு லட்சத்துக்கும் மேல செஞ்சு தள்ளினாங்க. 2.2 லிட்டர் இன்ஜின், வெறும் 60 குதிரைசக்தி. மசில் கார்க்காரன் பார்த்தா சிரிப்பான். ஆனா நாலு சக்கரமும் இழுக்கும், கூடவே சின்ன கியர் ஒண்ணு தனியா உண்டு.

போர் முடிஞ்சதும் 'டிஸ்போசல்' வண்டியா ஏலத்துக்கு வந்த ஜீப்புகள் இந்தியா முழுக்கப் பரவிச்சு. நாற்பதுகளின் கடைசியில மஹிந்திரா பம்பாயில வில்லிஸ் ஜீப் பூட்ட ஆரம்பிச்சது. 1953ல வந்த சிஜே-3பி மாடல்தான் நமக்கெல்லாம் தெரிஞ்ச அந்த உயரமான பானட் வச்ச முகம். புது ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின் உயரமா இருந்ததால பானட்டைத் தூக்க வேண்டியதாப் போச்சு, அவ்வளவுதான். அமெரிக்காவுல 1968ல அந்த மாடலை நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறமும் பல வருஷம் நம்மூர்ல அந்த முகம் மாறவே இல்லை.

இதுல ஒரு உறவுமுறையும் இருக்கு. ஜாவலின்ங்கற மசில் காரைச் செஞ்ச அமெரிக்கன் மோட்டார்ஸ்தான் 1970ல ஜீப் கம்பெனியையும் வாங்கிச்சு. அந்த வகையில ஜாவலினுக்கு நம்ம ஜீப் ஏழைச் சித்தப்பா :-)

1973: ஒரே அடி, ரெண்டு வைத்தியம்

1973 அக்டோபர்ல அரபு-இஸ்ரேல் போர். சில மாசத்துக்குள்ள பீப்பாய் 3 டாலர் பக்கம் இருந்த எண்ணெய் 12 டாலர் பக்கம் போயிடுச்சு. ஏற்கனவே இன்சூரன்ஸ் கட்டணமும் 1970ன் காற்று மாசுச் சட்டமும் மசில் காரை நெருக்கிட்டு இருந்துச்சு. பெட்ரோல் விலை கடைசி ஆணி. பல வண்டிங்க ஷெட்டுக்குள்ள போச்சு.

அதே அடி இங்கேயும் விழுந்தது. ஆனா ஜீப்பை ஷெட்டுல நிறுத்திட்டு வேற வண்டி வாங்க மலைக்காரங்களுக்கு வசதி ஏது? செம்மேடும் சோளக்காடும் தாண்டி உள்ளடங்கின ஊர்களுக்கு மிளகு மூட்டையும் பிரசவத்துக்குப் போற பொம்பளையும் ஏறின வண்டி அது. அதனால உடம்பை வச்சுக்கிட்டு இதயத்தை மாத்தினாங்க. பெட்ரோல் இன்ஜினை இறக்கிட்டு டீசல் இன்ஜினை ஏத்தறது. மஹிந்திராவே டிராக்டர் வழியா வந்த இன்டர்நேஷனல் டீசல் இன்ஜினை ஜீப்புல போட்டுத் தந்தது. எண்பதுகள்ல எம்எம்540ல பூஷோ டீசல் வந்தது. கம்பெனி தராத பழைய வண்டிகளுக்குப் பட்டறைக்காரங்க தந்தாங்க. லாரிக்குப் பாடி கட்டியே பேர் வாங்கின நாமக்கல் கீழேயே இருக்கும்போது ஆள் கிடைக்காதா என்ன?

காரணம் விலை மட்டுமில்லை. டீசல் இன்ஜின் குறைஞ்ச வேகத்துலயே நல்லா இழுக்கும், வளைவுல அதுதான் வேணும். ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. அதனால ஐப்பசி மழையில ஓடை தாண்டும்போது தண்ணி பட்டு நின்னுபோகாது.

சுரண்டச் சுரண்ட

இப்ப எங்க வீட்டு வாசல்ல தார்ப்பாய்க்குக் கீழே நிக்கற ஜீப்புக்கு வர்றேன். ஆர்.சி. புக்குல 1972 மாடல். மலையில மிளகு வியாபாரம் பண்ணின ஒரு பெரியவர்கிட்ட வாங்கினது. ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இதோட மல்லுக்கட்டறேன். துருப்பிடிச்சு இறுகின போல்ட்டுக்கு டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஊத்தி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில ஸ்பானர் போட்டா பாதி கழலும். மீதிக்கு கேஸ் கட்டிங்தான்.

பெயிண்டைச் சுரண்டினா மேல வெள்ளை, அதுக்குக் கீழே நீலம், அதுக்கும் கீழே பச்சை. கனமான டீசல் இன்ஜினைத் தாங்கறதுக்காக முன் பட்டையில ஒரு லீஃப் கூடுதலா இருக்கு. பலாப்பழம் ஏத்த மேல ஒரு கேரியர். பின்னாடி ஆளுங்க தொங்கிட்டு நிக்கறதுக்கு இரும்புப் பலகை, அதுல கால் பட்டுப் பட்டுப் பள்ளமே விழுந்திருக்கு.

பார்க்க வர்ற நண்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. "டீசலைத் தூக்கிப் போடுங்க. ஹரிக்கேன் இன்ஜின் தேடிப் பிடிச்சு மாட்டுங்க. மிலிட்டரி பச்சை அடிச்சு நட்சத்திரம் வரைஞ்சிடுங்க."

சட்டமும் அந்தப் பக்கம்தான் நிக்குது. 2021ல மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி போட்டது. 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டின்னா நம்பர்ல 'விஏ' எழுத்து போட்டுத் தருவாங்க. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின் பெருசா மாத்தப்படாம மூல வடிவத்துல இருக்கணும். தினசரி ஓட்டவும் கூடாது, கண்காட்சி, ராலி மாதிரியானதுக்குத்தான். அந்தப் பக்கம் போகலைன்னா சாதாரணப் புதுப்பித்தல்தான். அதுக்கான கட்டணமும் 2022ல காருக்கு 600ல இருந்து 5,000 ஆயிடுச்சு.

அமெரிக்காவுல இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பொருந்தினாத்தான் காருக்கு மதிப்பு. அது அந்த வண்டிக்கு நியாயம்தான். ஷெட்டுல தூங்கினது தூங்கினபடியே இருக்கும். ஐம்பது வருஷம் ஒரு நாள்கூட நிக்காம மலை ஏறி இறங்கின வண்டி எப்படிங்க அப்படியே இருக்கும்? அந்தக் கூடுதல் லீஃபைக் கழட்டி எறிஞ்சிட்டு, 1972ல கம்பெனி வாசல்ல நின்ன ஜீப்பை நான் திரும்ப உண்டாக்கினா, அது கொல்லிமலைக்கு வராத ஜீப்பா ஆயிடும்.

அதனால முடிவு பண்ணிட்டேன். 'விஏ' நம்பர் வேண்டாம். இன்ஜின் மாத்தினது ஆர்.சி.யில முறையா ஏறியிருக்கு, டீசல் அப்படியே இருக்கட்டும். துருவை எடுக்கறேன், பிரேக்கைப் புதுசாக்கறேன், ஓட்டை விழுந்த தரையை மாத்தறேன். பள்ளம் விழுந்த இரும்புப் பலகை மேல கை வைக்க மாட்டேன்.

கவலை ஒண்ணுதான். இந்த இன்ஜின் மாத்தற வேலையெல்லாம் செஞ்ச ஃபிட்டர்களும் டிங்கர்களும் இப்ப எழுபதைத் தாண்டிட்டாங்க. எந்த வருஷம் எந்த இன்ஜினை எப்படி உட்கார வச்சாங்கன்னு ஒரு காகிதத்துலயும் இல்லை, எல்லாம் அவங்க தலைக்குள்ளதான். ஏற்காடோ, பச்சைமலையோ, கொடைக்கானலோ, உங்க ஊர்ப் பட்டறையில அப்படி ஒருத்தர் இருந்தா ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச வச்சு, எழுதிப் போடுங்க மக்களே. படிக்க நான் இருக்கேன்.

கொசுறு: இந்த ஜீப்போட வாரிசை மஹிந்திரா 2018ல 'ராக்ஸர்'ங்கற பேர்ல அமெரிக்காவுக்கே கொண்டுபோய் மிச்சிகன்ல பூட்டி வித்தது. "முகம் எங்க ஜீப் மாதிரியே இருக்கு"ன்னு அங்கே வழக்கு! ஆக, 2020ல அந்த முகத்தை மாத்திக்க வேண்டியதாப் போச்சு. இருக்காதா பின்னே, ஒரே தாத்தாவோட பேரனாச்சே :-)