வேங்கட எல்லையில் ஓரடுக்கு மனை: முற்றத்தின் இடப்பெயர்ச்சி

மாடமாளிகைகள் பற்றிய இலக்கியச் செய்திகளைத் தொகுத்துரைப்பது தமிழாய்வில் பழகிய பணியாகும். தொகையால் அவற்றினும் மிகுந்திருந்த ஓரடுக்கு எளிய மனையின் உள்வகுப்பு அத்துணைக் கவனம் பெறவில்லை எனலாம். ஒரு குடும்பம் தனக்கென வீடு கட்டப் புகும்போது முதலில் எழும் வினா அறைகள் எத்தனை என்பதன்று. திறந்தவெளியை எங்கே விடுவது என்பதே. அவ்வினாவிற்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகளைப் பாகாலாவை மையமாகக் கொண்ட வேங்கட எல்லைப் பகுதியின் இருமொழிச் சொற்களின் துணையுடன் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

திருப்பதிக்குத் தென்மேற்கிலும் சித்தூருக்கு வடக்கிலும் அமைந்த பாகாலா, காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் ஆகிய மூன்று திசை இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பாகும். வடாற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி 1911 ஏப்ரல் 1 அன்று புதிய சித்தூர் மாவட்டத்தின்பால் வந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 2022இல் திருப்பதி மாவட்டம் உருவானபோது பாகாலா அதனுள் வைக்கப்பட்டது. ஆட்சி எல்லை பலமுறை மாறிய இந்நிலத்தில் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக அருகருகே வழங்கி வருகின்றன. வீட்டின் உறுப்புகளுக்கு இவ்விரு மொழிகளும் இட்ட பெயர்களை ஒப்பிட இதனினும் ஏற்ற களம் அரிது.

தொண்டை நாட்டு எளிய மனைகளைப் பற்றிய பழைய சான்று கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையாகும். ஈந்தின் இலை வேய்ந்த எயினர் குடிசையில் விளாமர நிழல் விழும் முன்றிலில் நிலத்தில் பதித்த உரல் உள்ளது; பார்வை மான் கட்டப்பட்டிருப்பதும் அவ்விளாவிலேதான். முல்லை நிலச் சிற்றூரின் முன்றிலில் குதிர்கள் நிற்கின்றன. பந்தலின்கீழ்த் திரிகை கிடக்கிறது. கலப்பை கொட்டிற் சுவரில் சார்த்தப்பட்டுள்ளது. அந்தணர் மனையிலும் கன்று கட்டிய பந்தலையே புலவர் முதலிற் காட்டுகிறார். பாணன் வழிச்செல்வோன் ஆதலின் புறத்தே கண்டதையே கூறினான் என்று வாதிடலாம். ஆயினும் குற்றுதலும் அரைத்தலும் சேமித்தலும் முன்றிலிலேயே நிகழ்கின்றன என்பது நோக்கத்தக்கது. அக்கால எளிய மனையில் கூரையுள்ள பகுதி உறங்கவும் ஒதுங்கவும், கூரையற்ற பகுதி உழைக்கவும் பயன்பட்டன எனக் கொள்ளலாம்.

பிற்காலத்துத் தெருவீட்டில் இத்திறந்தவெளி உள்ளே நுழைந்துவிடுகிறது. திண்ணை, நடை அல்லது இரேழி, முற்றம், அதனைச் சூழ்ந்த தாழ்வாரம், கூடம், அடுக்களை, கொல்லை என ஒரே நேர்கோட்டில் அமைந்த வகுப்பு அது. இருபுறச் சுவர்களும் அயல்வீட்டைத் தொட்டு நிற்கும் தெருவில் பக்கச் சாளரம் வைக்க இயலாது. ஒளியும் காற்றும் மேலிருந்தே வரவேண்டும். மனையின் முகப்பு குறுகி நீளம் மிகுந்ததே முற்றத்தை நடுவே இழுத்தது என்று கருதுகிறேன். அதனைத் தமிழர் தனிப் பண்பாட்டு மேன்மையாக மட்டும் காட்டுவதற்குச் சொற்சான்று இடந்தரவில்லை.

ஈழத் தமிழிலும் மலையாளத்திலும் முற்றம் என்பது இன்றும் வீட்டின் முன்வெளியையே குறிக்கும். உள்வெளியை மலையாளம் நடுமுற்றம் என அடைகொடுத்துப் பிரிக்கிறது. நாற்புறமும் கட்டிய வீட்டை யாழ்ப்பாணத்தார் நாற்சார் வீடு என்பர். தமிழகத்திலோ முற்றம் என்றவுடன் பலருக்கும் வீட்டின் நடுவெளியே நினைவிற்கு வருகிறது. தெலுங்கு இரண்டையும் தெளிவாகப் பிரித்து, முன்வெளியை முங்கிலி என்றும் உள்வெளியைச் சூழ்ந்த மனையை லோகிலி என்றும் வழங்குகிறது. தமிழ் வாசல், தெலுங்கு வாகிலி ஆகிய இரண்டுமோ கதவிருக்கும் இடத்தையும், அதற்கு முன்னே பெருக்கித் தெளிக்கும் தரையையும் ஒருசேரக் குறிக்கின்றன. எனவே, வெளிமுற்றமே பழையது, உள்முற்றம் பின்னது என்னும் முடிவிற்கு இச்சொற்கள் துணைநிற்கின்றன.

உள்முற்ற வீட்டைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தை எளிதில் கடந்துவிடுகின்றனர். தெருவிலிருந்து கொல்லைவரை செல்லும் அக்கோடு, யார் எதுவரை வரலாம் என்பதை வரையறுத்த கோடுமாகும். வழிப்போக்கனுக்குத் திண்ணை (தெலுங்கில் அருகு), உறவினர்க்குக் கூடம், வீட்டுப் பெண்டிர்க்கு அடுக்களை என்று இடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. சாதியால் ஒதுக்கப்பட்டோர் கொல்லைப்புறத்தால் மட்டுமே அணுகமுடிந்தது. கொல்லையைக் குறிக்கும் பெரடு என்னும் தெலுங்குச் சொல்லிற்குப் பின்னும் இதே வரலாறு உண்டு.

அடுக்களையின் இடம் பற்றிய சிக்கல் தனியே கருதத்தக்கது. மனைநூல்கள் அடுப்பிற்குத் தென்கிழக்காகிய அக்கினி மூலையை விதிக்கின்றன. தெருவீட்டு வழக்கோ அடுக்களையைக் கடைசியில் வைக்கிறது. வடக்கு நோக்கிய வீட்டில் இரண்டும் பொருந்தும். பின்பகுதியின் கீழ்மூலை தென்கிழக்கே ஆகும். கிழக்கு நோக்கிய வீட்டில் பொருந்தா. அங்கே தென்கிழக்கு தெருவோரத்தில் விழுகிறது. இன்று வாஸ்துவை வற்புறுத்துவோர் கிழக்கு வாசல் வீட்டில் சமையலறையை முன்பக்கம் கொணர்வதால் மரபு வகுப்பின் வரிசையே தலைகீழாகிறது. அளவிலும் நூலின் பிடி உண்டு. வழக்கிலுள்ள மனையடி சாத்திரப் பதிப்புகள் அறையின் உள்ளளவாக 6, 8, 10, 11, 16 அடிகளை ஏற்று, 12 முதல் 15 வரையுள்ளவற்றை விலக்குகின்றன. சிறு மனையில் 16 அடிக்கு இடமேது? அதனால் 10 அடியும் 11 அடியுமே அறைகளின் நிலையான அளவாகிவிட்டன.

காங்கிரீட் தளம் வந்தபின் முற்றம் மேலே ஏறியது. வற்றலும் வடகமும் நெல்லும் காய்ந்த இடம் மொட்டைமாடியாயிற்று, தெலுங்கில் மித்தெ. தமிழில் மெத்தை என வழங்குவதும் இதனோடு ஒட்டியதே. கீழே சிட்அவுட், ஹால், கிச்சன், பெட்ரூம் என்னும் பெயர்கள் குடியேறின. பாகாலாவில் இவற்றைத் தமிழரும் தெலுங்கரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கின்றனர்.

அரசு வீட்டுத் திட்டங்கள் இவ்வகுப்பை நிலைப்படுத்தின. தமிழ்நாட்டில் 2011இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடு 300 சதுர அடி. ஆந்திரத்தில் 2020 டிசம்பரில் தொடங்கிய மனைப்பட்டா வழங்கலின்வழி எழுந்த வீடுகள் 340 சதுர அடியளவின. கிராமப்புறத்தில் ஒன்றரை சென்ட், நகர்ப்புறத்தில் ஒரு சென்ட் நிலம் தரப்பட்டது. எந்த வரைபடத்திலும் உள்முற்றம் இல்லை. ஒன்றரை சென்ட் என்பது ஏறத்தாழ 653 சதுர அடி. வீடுபோக 313 சதுர அடி எஞ்சுகிறது. வீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டியோர்க்கு அது மீண்டும் முன்றிலாயிற்று. அம்மி, தண்ணீர்த் தொட்டி, ஆடு, விறகடுப்பு ஆகியவை அங்கு இடம்பெறுகின்றன. ஒரு சென்ட் மனையில் எஞ்சுவது ஏறத்தாழ 95 சதுர அடியே. அதனுள் படிக்கட்டும் கழிவுநீர்க் குழியும் அடங்கவேண்டும். துணி துவைக்கும் கல் தெருவிற்கு வந்துவிடுகிறது.